ஸ்ட்ரோக் ஆய்வுக்கு எந்த பிபி மெஷின் வாங்குவது?

பக்கவாதம் ஏன் வருகிறது என்று அரசு மருத்துவமனையில் ஆய்வு தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது சி.டி. ஸ்கேன் உடனே கிடைக்குமா, லிப்பிட் பரிசோதனைக்கு ரீஏஜென்ட் ஸ்டாக் இருக்கிறதா என்பதைத்தான். பிபி மெஷினைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வார்டில் எது கிடக்கிறதோ அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பட்ஜெட்டில் மிகச் சின்னத் தொகை அந்த மெஷினுக்குத்தான், ஆனால் ஆய்வின் முடிவு நிற்பதும் அதன் மேல்தான். அதனால்தான் இந்த அலசல். தீசிஸ் செய்யும் பி.ஜி. (மேற்படிப்பு) டாக்டர்களையும், வார்டில் அளவு எடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களையும், கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. வீட்டுக்கு மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

மெஷினுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நைஜீரியாவிலும் கானாவிலும் 15 மையங்களில் நடந்த சைரன் ஆய்வு 2018-ல் வெளியானது. 2,118 பக்கவாத நோயாளிகள், அவர்களுக்கு இணையாகப் பக்கவாதம் வராத 2,118 பேர். மாற்றக்கூடிய 11 காரணங்களை அது பிரித்துக் காட்டியது. ரத்தக் கொழுப்பு, இடை-இடுப்புச் சுற்றளவு விகிதம், சர்க்கரை, கீரை குறைவாகச் சாப்பிடுவது, சாப்பாட்டில் மேலே தூவும் உப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் உயர் ரத்த அழுத்தத்தின் பங்கு மட்டும் 90.8 சதவீதம் (அது இல்லாதிருந்தால் இத்தனை சதவீதப் பக்கவாதம் வந்திருக்காது என்ற கணக்கு). 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு 2016-ல் அதே காரணத்துக்குக் கொடுத்த பங்கு 47.9 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு உணவு, மருந்து கிடைக்காமை, வயது என்று பல காரணங்கள் இருக்கலாம். எந்த அளவுக்கு மேல் போனால் உயர் அழுத்தம் என்று வைத்தார்கள், எப்போது அளந்தார்கள், எதைக்கொண்டு அளந்தார்கள் என்பதும் அதில் அடக்கம். இந்தக் கடைசிக் கேள்விகளுக்கு மட்டும்தான் நம் வார்டிலேயே விடை சொல்ல முடியும்.

முதலில் பாதரச மெஷின். இதன் மேல் சீனியர் டாக்டர்களுக்கு இருக்கும் பாசம் புரிந்துகொள்ளக் கூடியதே. நல்ல நிலையில் இருந்தால் இதைவிட நம்பகமான கருவி கிடையாது. மற்ற மெஷின்களைச் சரிபார்ப்பதே இதை வைத்துத்தான். பிரச்சினை கருவியில் இல்லை, அதைப் படிக்கும் கண்ணிலும் காதிலும் இருக்கிறது. பழைய கேஸ் ஷீட்களிலிருந்து 100 அளவுகளை எடுத்துக் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். பாதரசக் குழாயில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. ஒழுங்காகப் படித்திருந்தால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 தடவை வர வேண்டும். பெரும்பாலான வார்டுகளில் வருவது 130/80, 140/90, 150/90, மறுபடி 140/90. சிகிச்சைக்கு அது பெரிய குறையில்லை. ஆய்வில் 140 என்பதுதான் எல்லைக் கோடு. 136-ஐ 140 என்று எழுதினால் ஒரு ஆள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். அதிலும் எதிரே படுத்திருப்பவர் கை கால் விழுந்து வந்தவர் என்று தெரியும்போது 136 மேலே ஏறும், ஓ.பி.யில் கண் வலிக்கு வந்து ஒப்பீட்டுக் குழுவில் சேர்ந்தவருக்கு 142 கீழே இறங்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் அட்டவணையில் ஆபத்து விகிதம் ஊதிப்போய்விடும்.

காற்றை வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில்தான் இறக்க வேண்டும். 180 வரை ஏற்றி 80 வரை இறக்க ஏறக்குறைய 50 வினாடி. நெரிசலான ஓ.பி.யில் 50 வினாடி யாரிடம் இருக்கிறது? திருகைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் பதிவாகும். மேலே உள்ள காற்று வடிகட்டி தூசியடைத்திருந்தால் பாதரசம் தயங்கித் தயங்கி இறங்கும். குழாய் அழுக்கேறியிருந்தால் கோடே தெரியாது. இதற்கெல்லாம் மேல், பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் அமலுக்கு வந்துவிட்டது, இந்தியாவும் 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. இனி புதிதாகப் பாதரச மெஷின் வாங்குவது வீண். நல்ல நிலையில் ஒன்று இருந்தால் சரிபார்க்க மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளலாம்.

டயல் மெஷின் விலை மலிவு, பாதரசம் இல்லை, பேட்டரி வேண்டாம். ஆய்வுக்கு எங்கள் தீர்ப்பு: வேண்டாம். ஒரு தடவை மேசையிலிருந்து விழுந்தால் உள்ளே இருக்கும் நெளிந்த உலோகப் பெட்டியும் பல்சக்கரமும் இடம் மாறிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. முள் பூஜ்ஜியத்தில் நின்றாலும் 150-ல் 10 தப்பாகக் காட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டிய கருவி இது. நம் மருத்துவமனைகளில் சரிபார்ப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டயல் மெஷினைப் பார்ப்பது அபூர்வம். கண், காதுத் தவறுகள் எல்லாம் பாதரச மெஷினுக்கு இருப்பது போலவே இதற்கும் உண்டு.

மணிக்கட்டு மெஷின் பார்க்க அழகு. மணிக்கட்டு நெஞ்சு உயரத்துக்கு வராமல் மடியில் கிடந்தால் அளவு கூடுதலாகவே காட்டும். ஒரு பக்கம் செயலிழந்து படுத்திருப்பவரிடம் கையைச் சரியான உயரத்தில் பிடிக்கச் சொல்வது நடக்காத காரியம். கைக்கடிகாரமும் விரல் கிளிப்பும் ஆய்வுப் பக்கமே வரக்கூடாது.

மிச்சம் இருப்பது மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின். வாங்க வேண்டியது இதைத்தான். ஆனால் எல்லா டிஜிட்டலும் ஒன்றல்ல.

இந்த மெஷின் ஸ்டெத்தில் கேட்கும் சத்தத்தைக் கேட்பதில்லை. கையைச் சுற்றிக் கட்டும் பட்டைக்குள், அதாவது கஃபுக்குள், ரத்தக்குழாயின் துடிப்பு எழுப்பும் அதிர்வை அளக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் ஒரு சூத்திரம் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரகசியம். ஒரே கையில் இரண்டு பிராண்டு இரண்டு விதமாகக் காட்டுவது இதனால்தான். எனவே ஆய்வு முடியும் வரை ஒரே பிராண்டு, ஒரே மாடல். நோயாளிகளுக்கு வார்டு மெஷின், ஒப்பீட்டுக் குழுவுக்கு ஓ.பி. மெஷின் என்று பிரித்துவிட்டால் ஆய்வு முதல் நாளே கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு 1, 2 என்று எண் ஒட்டி, ப்ரோஃபார்மாவில் (ஆய்வுத் தகவல் படிவத்தில்) மெஷின் எண்ணுக்கு ஒரு கட்டம் போடுங்கள். வாரம் ஒருமுறை வார்டுக்கும் ஓ.பி.க்கும் இடையே மாற்றி வையுங்கள்.

பெட்டியின் மேல் ‘துல்லியம் ± 3 மி.மீ.’ என்று அச்சடித்திருப்பார்கள். கடைக்காரர் அதைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். அது உள்ளே இருக்கும் அழுத்த உணரியின் துல்லியம் மட்டும். சூத்திரம் சரியா என்பதை மனிதர்களிடம் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற தரப்படி குறைந்தது 85 பேரிடம், ஸ்டெத் வைத்துக் கேட்ட அளவோடு ஒப்பிட வேண்டும்; சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ளும், சிதறல் (ஸ்டாண்டர்டு டீவியேஷன்) 8 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய மாடல்களை ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிராண்டு பெயரை மட்டும் தேடாதீர்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள், ஒரு எழுத்து மாறினால் கஃபும் மாறியிருக்கலாம்.

இரண்டு மாடல்களைப் பெயர் சொல்லிப் பேசலாம். ஓம்ரான் ஹெச்.இ.எம்-907 ஆய்வுக்கென்றே செய்த மாதிரியான மெஷின். அமெரிக்காவில் நடந்து 2015-ல் வெளியான ஸ்பிரின்ட் என்ற ரத்த அழுத்த ஆய்வில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். பட்டனை அழுத்திவிட்டு நகர்ந்துவிடலாம். நாம் வைத்த நேரம் காத்திருந்து, மூன்று தடவை தானே எடுத்து, சராசரியும் சொல்லும். நான்கு அளவுகளில் கஃப் உண்டு, சின்னது 17 முதல் 22 செ.மீ. கைக்கு. குறை ஒன்றே ஒன்று, விலை. ஆய்வு மானியம் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

மானியம் இல்லாத தீசிஸுக்கு ஹெச்.இ.எம்-7120 மாதிரியான எளிய வீட்டு மாடல் போதும், விலையும் குறைவு. நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். கூட வரும் கஃப் 22 முதல் 32 செ.மீ. கைச்சுற்றளவுக்கு மட்டும். கடைசி அளவை மட்டும் நினைவில் வைத்திருக்கும். அதைக் குறை என்று சொல்வார்கள், வார்டில் அது நிறை. 60 அளவு நினைவில் நிற்கும் மெஷினில் எது யாருடையது என்று சாயங்காலம் உட்கார்ந்து குழம்ப வேண்டியிருக்கும். திரையில் எண் வந்ததும் ப்ரோஃபார்மாவில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். புளூடூத் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நோயாளியின் அளவு யாருடைய போனில் போய் உட்கார்கிறது என்று எத்திக்ஸ் கமிட்டி கேட்டால் பதில் சொல்லி மாளாது.

மெஷினைவிட முக்கியமானது கஃப். கடையில் இதைப் பற்றிக் கேட்டால் ‘எல்லா கைக்கும் இதுதான் சார்’ என்பார்கள். உள்ளே இருக்கும் காற்றுப்பை கைச்சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும், அகலம் 40 சதவீதம் இருக்க வேண்டும். 2023-ல் பால்டிமோரில் 195 பேரிடம் ஒரு சோதனை நடந்தது, எல்லோருக்கும் நடுத்தர கஃபையே கட்டிப் பார்த்தார்கள். சின்ன கஃப் தேவைப்பட்டவர்களுக்கு மேல் அளவு 3.6 குறைந்தது. பெரியது தேவைப்பட்டவர்களுக்கு 4.8 கூடியது. மிகப் பெரியது தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடியது. வெளிநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் இந்தப் பெரிய கஃபைப் பற்றியே கவலைப்படுகின்றன. இங்கே இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் அறுபது வயதுக்காரருக்கும், மெலிந்த பாட்டிக்கும் கைச்சுற்றளவு 22 செ.மீ.க்குக் கீழே இருப்பது சாதாரணம். நடுத்தர கஃப் அவர்கள் கையில் ஒன்றரைச் சுற்று சுற்றிக்கொண்டு நிற்கும். அளவு குறைவாகக் காட்டும். ஏழையின் உயர் அழுத்தம் இப்படித்தான் கணக்கிலிருந்து நழுவுகிறது. சின்ன கஃப் மருந்துக்கடையில் கிடைக்காது. அதே கம்பெனியின் அதே மாடலுக்குப் பொருந்தும் கஃபைத் தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். பிளக் பொருந்துகிறது என்று வேறு கம்பெனி கஃபைச் செருகினால், மனிதர்களிடம் செய்த சோதனைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

எந்த கஃப் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தையல் டேப் போதும். தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, அந்த இடத்தில் சுற்றளவு எடுத்து, அதையும் ப்ரோஃபார்மாவில் எழுதுங்கள். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் மேலே சுருட்டிவிடக் கூடாது, சுருட்டிய துணி கையை நெரிக்கும். மறைப்பு இழுத்துவிட்டு ஒரு கையை மட்டும் கழற்றச் சொல்லலாம். ‘ஒரு கை மட்டும் எடுங்கம்மா, முந்தானையைப் போர்த்திக்கோங்க’ என்று நர்ஸ் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரல் மேலே. உள்ளே இரண்டு விரல் நுழைகிற இறுக்கம்.

அளவு எடுப்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறையே போதும்: 15 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, மூன்று நிமிட இடைவெளியில் மூன்று அளவு, கடைசி இரண்டின் சராசரி. தமிழ்நாட்டில் 2020-ல் இதே பெயர் கொண்ட கணக்கெடுப்பு நடந்தது, பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம், அவர்களில் கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம்தான். அதே முறையில் எடுத்தால் உங்கள் எண்களை அதனோடு வைத்துப் பார்க்கவும் முடியும்.

பக்கவாத நோயாளியிடம் மட்டும் சில கூடுதல் கவனம். செயலிழந்த கையில் எடுக்காதீர்கள். துவண்ட கையில் குறைவாகவும், விறைத்த கையில் கூடுதலாகவும் காட்டும். நல்ல கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்தும் வரை காத்திருங்கள். படுத்த நிலையில் எடுத்தால் கை மெத்தையில் கிடக்கும்போது இதய மட்டத்துக்குக் கீழே இருக்கும், ஒரு மடித்த போர்வையைக் கைக்குக் கீழே வையுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூடும். நோயாளியைப் படுக்க வைத்தும் ஒப்பீட்டாளரை உட்கார வைத்தும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. உட்கார முடியாத நோயாளிகள் இருந்தால், ஒப்பீட்டாளரையும் படுக்க வைத்தே எடுங்கள். படுக்கையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நோயாளி பதில் சொன்னாலே அளவு எகிறும். அவர்களை ஐந்து நிமிடம் வெளியே அனுப்புவதும் அளவெடுப்பின் ஒரு பகுதிதான். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் கூடும்.

எந்த மெஷினாலும் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று உண்டு. பக்கவாதம் வந்த உடனே ரத்த அழுத்தம் தானாகவே ஏறும்; பல பேருக்குச் சில நாட்களில் தானாகவே இறங்கும். அட்மிஷன் அன்று 170 காட்டியதை வைத்து ‘இவருக்கு முன்பே பிபி இருந்தது’ என்று எழுதினால், விளைவைக் காரணம் என்று எழுதியதாகிவிடும். பழைய ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை, மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டில் வந்து எழுதிவிட்டுப் போன குறிப்பு, இ.சி.ஜி.யில் இதயச் சுவர் தடித்த அடையாளம், ஒரு வாரம் கழித்து எடுத்த அளவு: இவற்றைத் தனித்தனிக் கட்டங்களாகப் போடுங்கள். ‘பிபி மாத்திரை சாப்பிடறீங்களா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். இரண்டு மாதம் முன் நிறுத்தியிருப்பார்கள். ‘எப்பவாவது சாப்பிட்டிருக்கீங்களா, எப்ப நிறுத்தினீங்க?’ என்று கேட்க வேண்டும்.

திரையில் சீரற்ற துடிப்புக் குறி வந்தால் அதை வைத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) என்று எழுதிவிடாதீர்கள். கை அசைந்தாலும், இடையில் ஒரு துடிப்பு தவறினாலும் வரும். குறி வந்தவருக்கு அன்றே 12 லீட் இ.சி.ஜி. எடுங்கள். உண்மையிலேயே ஃபிப்ரிலேஷன் இருந்தால் டிஜிட்டல் அளவு ஒவ்வொரு தடவையும் மாறும். அந்த நோயாளிக்கு மட்டும் ஸ்டெத் வைத்து மூன்று தடவை எடுத்து, அப்படி எடுத்ததாகக் குறித்து வையுங்கள். மைக்ரோலைஃப் வாட்ச்பிபி ஹோம் ஏ என்ற மெஷினில் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடிக்கும் வசதியே உண்டு, இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2013-ல் பரிந்துரைத்தது. வார்டில் இ.சி.ஜி. மெஷின் இருக்கும்போது அதற்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

பிரசவ வார்டிலும் ஆய்வு நடத்துகிறவர்கள் க்ரேடில் வி.எஸ்.ஏ. என்ற மெஷினைப் பார்க்கலாம். வசதி குறைந்த இடங்களுக்கென்றே வடிவமைத்தது. காற்றைக் கையால் பம்ப் செய்ய வேண்டும், அதனால் சார்ஜ் நெடுநாள் நிற்கும். போன் சார்ஜரே போதும். 140/90 தாண்டினால் மஞ்சள் விளக்கு, 160/110 தாண்டினால் சிவப்பு. கர்ப்பகால உயர் அழுத்தமும் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும் என்பதால் அந்தச் சிவப்பு விளக்குக்கு மதிப்பு அதிகம். ஆனால் விளக்கு எரிவதைப் பார்த்தால் அளவெடுக்கிறவரின் முகம் மாறும், நோயாளிக்கும் பதற்றம் வரும். ஆய்வுக்கு எண் மட்டும் காட்டும் மெஷினே மேல்.

பழுது என்று வருவதில் பாதிக்கு மேல் கஃப், மீதி பேட்டரி. வெல்க்ரோ பிடிப்பு விட்டால் காற்று ஏறும்போது கஃப் பிரிந்து, மெஷின் மறுபடி மறுபடி ஏற்றும். நோயாளி வலியில் கையை இழுப்பார், எர்ரர் வரும். கஃபை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்; ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு போதும். டியூபை மெஷினைச் சுற்றிக் கட்டி வைக்காதீர்கள், மடிப்பில் விரிசல் விடும். சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட்தான், பல மாடல்களில் பாதியிலேயே பேட்டரி குறி காட்டும். மலிவு செல்லைப் போட்டு மாதக்கணக்கில் விட்டால் கசிந்து ஸ்பிரிங் துருப்பிடிக்கும். அடாப்டர் வாங்கினால் அதே கம்பெனி அடாப்டர். நடைபாதையில் வாங்கியதில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் மெஷின் போய்விடும், வாரன்டியும் கிடைக்காது. கரண்ட் போகும் ஊரில் அடாப்டர் மாட்டியிருந்தாலும் உள்ளே செல் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை சரிபார்க்க பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரே ஆளுக்கு, அதே கையில், உங்கள் மெஷினிலும், நன்றாக இருக்கும் பாதரச மெஷினிலும் மாற்றி மாற்றி மூன்று தடவை எடுங்கள். சராசரியில் 5-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மெஷினை ஒதுக்கிவிட்டு சர்வீஸுக்கு அனுப்புங்கள். எந்தத் தேதியில் ஒதுக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்கு முந்தைய மாதத்து அளவுகளைப் பிறகு தனியாகப் பார்க்க வேண்டி வரும்.

ஆர்டர் எழுதும்போது: ஒரே மாடலில் மூன்று மெஷின், அதில் ஒன்று உபரி. ஒவ்வொன்றுக்கும் சின்ன, நடுத்தர, பெரிய கஃப். நடுத்தர கஃப் மட்டும் கூடுதலாக இரண்டு, ஏனென்றால் முதலில் கிழிவது அதுதான். இரண்டு தையல் டேப். பில்லில் மாடல் எண் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய பாதரச மெஷினைக் கண்டெம்ன் செய்யும்போது (பயன்படாது என்று கழிக்கும்போது) மற்ற இரும்புச் சாமானோடு ஏலத்துக்குப் போட்டுவிடக் கூடாது, எரிக்கும் மஞ்சள் பையிலும் போடக் கூடாது. திருகை மூடி, நிமிர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பாதரசம் என்று லேபிள் ஒட்டி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். உடைந்து சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு எக்ஸ்ரே ஃபிலிம் துண்டுகளால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சித் தண்ணீர் உள்ள டப்பாவில் விடுங்கள்.